பச்சைப் புள்ளிக் காசு

காசு மூட்டையைப் பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து, நழுவாமல் இருக்க இரண்டு முழங்கால்களாலும் நெருக்கிப் பிடித்துக்கொண்டு வேல்ராஜ் காம்பவுண்டுக்குள் நுழைந்தபோது, வீட்டுக்கார முனியம்மாள் குழாயடியில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். பைக் பள்ளத்தில் இறங்கி ஏறியது. மூட்டை குலுங்கியது.

“இன்னா வேல்ராஜி, மூட்டையில?”

“அரிசி, பெரியம்மா.”

“அரிசி இன்னாத்துக்கு சலங்க கட்டிகினு வருது?”

வேல்ராஜ் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். அவனுக்குப் பொய் வராது, சொன்னால் காது மடல் சிவந்துவிடும். வாசலில் நின்றிருந்த அவன் மனைவி கனகலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். போன தடவை வங்கியிலிருந்து வந்தபோது பருப்பு என்று சொல்லியிருந்தான். இருக்கிற இரண்டு உயிருக்கு இவ்வளவு அரிசி பருப்பு எதற்கு, இவர்கள் ரகசியமாக மெஸ் நடத்துகிறார்களா என்று முனியம்மாள் ஏற்கெனவே பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். ஒரகடத்தில் முனியம்மாளின் லைன் வீட்டில் கடைசி அறை அவர்களுடையது. அடுப்புக்குப் பக்கத்தில் கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் பீரோ. பீரோவைத் திறக்க வேண்டுமானால் இருவரில் ஒருவர் வெளியே போய் நிற்க வேண்டும். ஆனால் அந்த அறையின் சாவி கனகலட்சுமியின் இடுப்பில் இருந்தது. ஏன் இவ்வளவு நேரம் தூங்கினாய் என்று கேட்க ஆளில்லை. குழம்பில் உப்பு கூடிப்போனால் அது அவளுக்கும் வேல்ராஜுக்கும் மட்டுமான விவகாரம். ஊரில் இருக்கும் வேல்ராஜின் அண்ணன், “எத்தன வருசம்லே காண்ட்ராக்ட்ல கெடப்ப? தைக்குள்ள பர்மனன்ட் ஆகலன்னா கெளம்பி வா, கோழிப்பண்ண போடுவோம்” என்று வாரம் தவறாமல் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். கோழிகள் மேல் கனகலட்சுமிக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கோழிகளோடு அண்ணன் பொண்டாட்டி தங்கமாரியும் இருப்பாள், அதுதான் தொல்லை. கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் இருந்த நாட்களில் எண்ணெய்ச் சட்டியைக்கூடத் தங்கமாரி அவளைத் தொடவிட்டதில்லை. அங்கே திரும்பிப் போவதைவிட இந்தக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நின்றுகொண்டே காலம் தள்ளிவிடலாம் என்று அவள் நினைத்தாள். பர்மனன்ட் ஆவது வேல்ராஜுக்குச் சம்பள உயர்வு. அவளுக்கு அது அந்தச் சாவி.

அந்த வருஷம், 2012இல், வேல்ராஜ் வேலை பார்த்த கம்பெனியின் குவாலிட்டி பிரிவிலிருந்து ஒரே ஒரு ஆளைப் பர்மனன்ட் செய்யப்போகிறார்கள் என்று பேச்சிருந்தது. பெயரை எழுதி அனுப்ப வேண்டியவர் சூப்பர்வைசர் சங்கரநாராயணன். எழுதினால் வேல்ராஜின் பெயரைத்தான் எழுதுவார் என்று எல்லோரும் சொன்னார்கள். காரணம், வேல்ராஜின் பச்சைப் புள்ளி.

கார் பிரேக்குக்கான உள்ளங்கை அளவு இரும்புத் துண்டுகள் அந்தக் கம்பெனியில் தயாராகின்றன. வேல்ராஜ் ஒவ்வொன்றையும் விளக்கடியில் பிடித்து, புரட்டி, ஓரத்தைத் தடவி, சரியாக இருந்தால் பெயின்ட் மார்க்கரால் ஒரு பச்சைப் புள்ளி வைப்பான். சரியில்லை என்றால் சிவப்புத் தொட்டியில் போடுவான். இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். புள்ளி வைத்துவிட்டால் அந்தத் துண்டின் பாவ புண்ணியம் முழுக்கப் புள்ளி வைத்தவனைச் சேர்ந்தது. அதனால் மார்க்கரை இன்னொருவர் கையில் கொடுப்பது அங்கே பெரிய குற்றம். வேல்ராஜின் புள்ளியோடு வெளியே போன துண்டு ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. இந்தப் பழக்கம் அவனுக்கு வீட்டிலும் விடவில்லை. தட்டில் இட்லி வைத்தால் கட்டை விரலும் சுட்டு விரலுமாகப் பிடித்து ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிட்டுத் தின்பான். ஆரம்பத்தில் கனகலட்சுமி இதற்காக அழுதிருக்கிறாள்.

அப்படிப்பட்டவனிடம்தான் பக்கத்து மேசை வனமாமலை செல்போனில் ஒரு செய்தியைக் காட்டினான். அச்சுப் பிசகிய பழைய காசு ஒன்று பல லட்சத்துக்கு விலை போயிற்றாம். விற்றவன் பெயர் தெரியாது, வாங்கியவன் பெயர் தெரியாது, தொகை மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வேல்ராஜ் அன்று ஷிப்ட் முடிந்த மணிக்கே பைக்கை எடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான்.

“கம்பெனியில நான் ஒரு தப்பக் கண்டுபிடிச்சா, லைன்ல உள்ளவன் எல்லாம் என்னய மொறைக்கான். இங்க ஒரு தப்பக் கண்டுபிடிச்சா லட்சம் குடுக்கான். ஏ கனகு, தப்பப் பாக்கதுக்குத்தான எனக்குச் சம்பளமே?”

தீபாவளி போனஸ் முழுவதும் வங்கிக்குப் போயிற்று. நோட்டைக் கொடுத்துக் காசை வாங்குவதில் நஷ்டம் எங்கே வருகிறது என்று அவன் கேட்டதற்குக் கனகலட்சுமியும் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். காசாளர் கோபிநாத்துக்கோ தாங்க முடியாத சந்தோஷம். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் அடுக்கியிருந்த ஐந்து ரூபாய் மூட்டைகளில் இடித்துக்கொண்டு அவர் முழங்கால் வீங்கியிருந்தது. எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவரே ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டார்.

அறையில் பாயை விரித்து, டேபிள் விளக்கைத் தரையில் வைத்து, மூன்று பிளாஸ்டிக் டப்பாக்களை வரிசையாக வைத்தான். பார்க்காதது ஒன்றில், பார்த்தது ஒன்றில், பிசகிய காசு வந்தால் போடுவதற்கு ஒரு சிவப்பு டப்பா. கம்பெனியில் சிவப்புத் தொட்டி என்றால் அவமானம். இங்கே அதுதான் லட்சுமி வந்து உட்காரப் போகிற இடம். வெள்ளிக்கிழமை கனகலட்சுமி காலி டப்பாவுக்குக் குங்குமம்கூட வைத்தாள். முதல் மூட்டையில், பார்த்தது எது பார்க்காதது எது என்று தெரியாமல் அவள் பால்காரருக்குக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்துவிட்டாள். வேல்ராஜ் பனியனோடு பால்காரரைத் தெருமுனைவரை துரத்திப் போய் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். பால்காரர் மறுநாள் வரவில்லை. அதற்குப் பிறகுதான் அவனுக்கு யோசனை வந்தது. தீரும் நிலையில் இருந்த தன் மார்க்கர் ஒன்றைச் சட்டைப் பையில் வீட்டுக்குக் கொண்டுவந்து, பார்த்து முடித்த ஒவ்வொரு காசிலும், சிங்கத் தலைக்குப் பக்கத்தில், பச்சைப் புள்ளி வைக்க ஆரம்பித்தான்.

பார்த்து முடித்த மூட்டையைத் திரும்பக் கொண்டுபோனபோதுதான் நஷ்டம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது.

“குடுக்கறதுதான் சார் எங்க வேலை,” என்றார் கோபிநாத், முழங்காலைத் தடவிக்கொண்டே. “திரும்ப எடுத்துக்கினா யாரு எண்றது? நீங்களே செலவு பண்ணிக்கங்க. காசு தானே, செல்லாமயா பூடும்?”

செலவு செய்கிற வேலை கனகலட்சுமியின் தலையில் விழுந்தது. ஆனால் அது அவள் பயந்தபடி இல்லை. அந்தப் பக்கத்தில் அப்போது சில்லறைக்குப் பெரிய தட்டுப்பாடு. டீக்கடை தசரதன் மீதிக் காசுக்குப் பதில் புளிப்பு மிட்டாய் கொடுத்துக் கொடுத்து, ஷிப்ட் முடிந்து வருகிற பையன்களிடம் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். கனகலட்சுமி துணிப்பையோடு போய் நின்றதும் அவர் எழுந்தே நின்றுவிட்டார். “வாம்மா, நல்லா கீறியா? இருக்கறத எல்லாம் கொட்டு” என்று நோட்டை எண்ணி நீட்டினார். பிறகு மளிகைக்கடை, மருந்துக்கடை, ஷேர் ஆட்டோக்காரர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். தெருவில் போனால் கடைக்காரர்கள் கூப்பிட்டு நலம் விசாரித்தார்கள். பிறந்ததிலிருந்து அவளுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. மூட்டை வந்தது, புள்ளி வாங்கியது, போனது. சிவப்பு டப்பா மட்டும் குங்குமத்தோடு காலியாகவே இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் வேல்ராஜுக்கு ஒரு வாரம் தொடர்ந்து ஓவர்டைம். அந்த வாரத்தில்தான் வாலாஜாபாத் மரகதத்தின் பாத்திரக் கடையில் கனகலட்சுமி ஒரு குக்கரைப் பார்த்துவைத்தாள். தங்கமாரி வீட்டில் இருப்பதைவிட ஒரு லிட்டர் பெரியது. பார்த்து முடித்த காசு வீட்டில் இல்லை, பார்க்காத காசுதான் இருந்தது. புள்ளி இல்லாமல் ஒரு காசுகூட வெளியே போகக் கூடாது என்பது வேல்ராஜின் சட்டம். எத்தனை மூட்டை பார்த்தாயிற்று, ஒன்றாவது கிடைத்ததா, இந்த இரண்டு டப்பாவில் மட்டும் என்ன இருந்துவிடப் போகிறது? டி.வி.யில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காலை நீட்டி உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடியே, இரண்டு டப்பாவுக்கும் புள்ளி வைத்து முடித்தாள். பிறந்ததிலிருந்து கோலத்துக்குப் புள்ளி வைத்த கை. ஒவ்வொன்றும் உருண்டையாக, நடுவாக, அழகாக விழுந்தது. மறுநாள் குக்கர் வந்தது. சீட்டுப் பணத்தில் வாங்கியதாகச் சொன்னாள். அவளுக்குப் பொய் நன்றாகவே வரும்.

அப்புறம் ஊர் பேச ஆரம்பித்தது. ஒரகடம் பக்கத்தில் யாரோ ஒரு பஸ் கண்டக்டர், பச்சைப் புள்ளி வைத்த காசு எல்லாம் கள்ளக்காசு, அடையாளத்துக்காகப் புள்ளி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். இரண்டே நாளில் எல்லாக் கடைகளும் கையை விரித்தன. தசரதன் மறுபடியும் மிட்டாய்க்குத் திரும்பினார். “என் கல்லா ஃபுல்லா புள்ளிதாம்மா கீது, நான் எங்க போயி தள்ளுவேன்?” என்று அவர் அழாத குறையாகக் கேட்டபோது கனகலட்சுமி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தாள். அதே பஸ்ஸில் ஏறி வாலாஜாபாத்தில் இறங்கினால் கதை வேறு. மரகதம் அந்தக் காசுகளைத்தான் மீதிச் சில்லறையாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு காசு வாங்கிப்போன பெண்ணுக்கு அந்த வாரமே நின்றுபோயிருந்த கல்யாணம் கூடிவிட்டதாம். எந்தக் கோயிலிலோ பூஜையில் வைத்துப் புள்ளியிட்டு வெளியே விட்டிருக்கிறார்கள் என்று கீரைக்காரிவரை சொன்னார்கள். ஐந்து ரூபாய்க் காசு இருபது ரூபாய்க்கு விலை போயிற்று. கிழக்கே அது கள்ளக்காசு, மேற்கே அது சாமிக்காசு. அது ஒன்றுமே இல்லாத காசு என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அவர்கள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கம்பெனி கேன்டீனில் ‘பச்சைப் புள்ளி காசு வாங்கப்பட மாட்டாது’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்ட அன்றுதான் விஷயம் சங்கரநாராயணன் கண்ணில் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் நேராக அறைக்கே வந்துவிட்டார். லீவு நாளிலும் சட்டைப் பையில் பேனாவும் சின்ன ஸ்கேலும் இருந்தன. கனகலட்சுமி பதறிப்போய், தரையில் கிடந்த காசு மூட்டை மேல் போர்வையை எடுத்துப் போட்டாள். அறையில் நாற்காலி கிடையாது. சங்கரநாராயணன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அந்தப் போர்வை மேலேயே உட்கார்ந்தார். மூட்டை ‘க்ளிங்’ என்று அவரை உள்வாங்கிக்கொண்டது. வேல்ராஜின் காது சிவந்தது.

சங்கரநாராயணன் பையிலிருந்து ஒரு சின்ன பாலித்தீன் கவரை எடுத்தார். உள்ளே, கேன்டீன் கல்லாவிலிருந்து எடுத்த ஒரு ஐந்து ரூபாய்க் காசு. கவரில் ‘ஹோல்டு’, அதாவது நிறுத்திவை, என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

“வேல்ராஜ், பச்சை யாரோட கலர்?”

“என் கலர் சார்.”

“இந்தப் புள்ளி நீ வெச்சதா?”

வேல்ராஜ் காசை வாங்கினான். கை தானாகப் புரட்டியது. முகம் மாறியது. சிங்கத்தை நேராக வைத்துப் புரட்டினால், பின்பக்கத்து எண் நேராக நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. மறுபடி புரட்டினான், மறுபடியும் படுத்திருந்தது. இத்தனை நாளாக அவன் தேடிய காசு அது.

“சார்! இது பிசகு சார்! இத நான் பாத்திருந்தா விட்டுருப்பேனா? இது என் புள்ளியே இல்ல சார்!” என்று கத்திவிட்டான். கத்திய பிறகுதான், மற்ற புள்ளி எல்லாம் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டது அவனுக்கே விளங்கியது.

“எனக்கும் தெரியும்,” என்றார் சங்கரநாராயணன். “உன் புள்ளிக்குக் கீழ்ப்பக்கம் சின்னதா ஒரு வால் இருக்கும். தினம் ஆயிரக்கணக்குல பாக்கறேன். இது உருண்டையா இருக்கு. அப்ப உன் மார்க்கரை வேற யாரோ தொட்டிருக்காங்க. யாரு?”

வேல்ராஜுக்கு உண்மையிலேயே தெரியாது. ஆனால் தெரியாது என்று சொன்னால், மார்க்கரைக் கண்ட இடத்தில் போடுகிறவன் என்று ஆகிவிடும். தெரியும் என்று சொன்னால் இன்னொருவர் கையில் கொடுத்தவன் ஆகிவிடுவான். இரண்டுக்கும் நடுவில் அவன் வாய் திறந்தபடி நின்றதைக் கனகலட்சுமியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அடுப்பின் மேல் அந்தப் பெரிய குக்கர் வேறு பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

“நாந்தான் வச்சேன் சார். அவுகளுக்குத் தெரியாது. ரெண்டு டப்பா.”

“ரெண்டு டப்பாவா!” வேல்ராஜ் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். “பாக்காமயா? ஏ கனகு, ஒண்ணயும் பெரட்டிக்கூடப் பாக்காமயா?”

அவன் பர்மனன்ட் போயிற்றே என்று கலங்கவில்லை, லட்சம் போயிற்றே என்றும் இல்லை. பார்க்காத காசு தன் நிறத்தோடு உலகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதை அவனால் தாங்க முடியவில்லை. கனகலட்சுமிக்கு அந்த நிமிஷத்தில் அவன் மேலும் கோபம் வந்தது, இப்படி ஒருத்தனுக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்று தன் மேலும் வந்தது.

சங்கரநாராயணன் காசை வாங்கிக் கவருக்குள் போட்டுக்கொண்டு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தை ஒரு முறை பார்த்தார். போர்வையை விலக்கவில்லை.

“பர்மனன்ட் லிஸ்ட் அடுத்த திங்கட்கிழமை போகுது. உன் பேரைத்தான் நான் எழுதி வெச்சிருந்தேன். மார்க்கர் வீட்டுக்குப் போச்சு, பாக்காத சரக்கு ஒரு லாட்டே வெளிய போச்சு, இதை வெச்சிக்கிட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?” பையிலிருந்த ஸ்கேலை எடுத்து மூட்டைப் பக்கம் நீட்டினார். “தப்பான லாட்டு வெளிய போனா நாம என்ன பண்ணுவோம்?”

“திரும்பக் கொண்டாருவோம் சார்.”

“கொண்டா. ஒண்ணொண்ணா பாரு. உருண்டைப் புள்ளி மட்டும். எங்க இருக்குன்னு தெரிஞ்சது ஒண்ணுகூடப் பாக்காம இருக்கக் கூடாது. அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்.”

அந்த வாரம் முழுக்க வேல்ராஜ் முதல் ஷிப்ட் முடிந்ததும், இருவரும் வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினார்கள். இருபது ரூபாய்க்கு விற்ற காசு, தேடி வாங்குகிற ஆள் வந்ததும் முப்பது ஆயிற்று. தென்னாட்டிலிருந்து ஒரு ஜோடி அலைந்து திரிந்து வாங்குகிறது, அப்படியானால் சக்தி உண்மைதான் என்று சந்தையில் முடிவுகட்டிவிட்டார்கள். மரகதம், கல்லாவில் மிச்சமிருந்ததைத் தரவே மாட்டேன் என்றாள்.

“நீ குடுத்த காசுதான்மா, இல்லன்னு சொல்லல. ஆனா இது வந்ததுலேந்து எனக்கு யாவாரம் நல்லா கீது. குக்கரு திருப்பிக் குடுத்தாக்கூட வாங்க மாட்டேன்.”

“குடுக்க வேண்டாம்க்கா,” என்று கனகலட்சுமி கெஞ்சினாள். “இவுக ஒரே ஒரு தடவ பெரட்டிப் பாத்துட்டு ஒங்க கையிலயே குடுத்துருவாக.”

அப்படியாக ஒரு வழி பிறந்தது. பிறகு அவர்கள் காசை வாங்கவில்லை, பார்த்துவிட்டு மட்டும் கொடுத்தார்கள். பாத்திரக் கடை வாசலில் வேல்ராஜ் உட்கார்ந்தான். அவன் கை பட்டால் காசுக்கு இன்னும் நல்லது என்று நினைத்து, கீரைக்காரி, பூக்காரி, ஆட்டோ டிரைவர் என்று சனங்கள் தாமாகவே முடிச்சை அவிழ்த்துக் காசை நீட்டினார்கள். அவன் ஒவ்வொன்றாகப் புரட்டி, ஓரத்தைத் தடவி, திருப்பிக் கொடுத்தான். ஒரு கிழவர் காசை வாங்கிக்கொண்டு அவனுக்கே ஒரு கும்பிடு போட்டார். பிசகு எதுவும் அகப்படவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடைசி ஆளும் போன பிறகு, கனகலட்சுமி அவனிடம் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்து, “பாக்காம வச்சது தப்புதான்” என்றாள். வேல்ராஜ் குடித்துவிட்டு, “ஆனா புள்ளி நல்லா உருண்டையாத்தான் வச்சிருக்க” என்றான்.

மறுநாள் காலை, முனியம்மாள் குழம்பு கொடுத்தனுப்பிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப்போன கனகலட்சுமி, கிண்ணத்தோடேயே ஓடி வந்தாள். முனியம்மாளின் பூஜை அலமாரியில், அம்மன் படத்துக்கு முன்னால், பித்தளைத் தட்டில், மஞ்சள் தடவி ஒரு ஐந்து ரூபாய்க் காசு இருந்தது. உருண்டைப் புள்ளி. வாலாஜாபாத் சந்தையில் ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கினாளாம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் சங்கரநாராயணன் வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். தெரிந்த இடத்தில் இருக்கிற ஒன்றை விட்டுவிட்டு லாட்டை முடிக்க முடியாது என்றார்.

முனியம்மாள் மூவரையும் நிலைப்படியிலேயே நிறுத்தினாள். சாமிக்காசைத் தொட வேண்டுமானால் குளித்துவிட்டு வர வேண்டும். சங்கரநாராயணன் பக்கம் திரும்பி, “நீ இன்னா சார் துன்ன காலைல?” என்றாள். அவர் ஆம்லெட் என்று உண்மையைச் சொன்னார். “அப்ப வெளியவே நில்லு.” வேல்ராஜ் குழாயடியில் குளித்து, ஈர வேட்டியோடு, பல் கிட்டித்தபடி உள்ளே போனான். கனகலட்சுமி கதவோரம் நின்றாள்.

முனியம்மாள் கற்பூரத்தை ஏற்றிவிட்டு, காசை இரண்டு கையாலும் எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“புள்ளி மேல பாத்தா மாரியே இருக்கணும். கவுத்துடாத. கவுத்தினா வேண்டுதலு கவுந்துபூடும்னு சொல்லித்தான் குட்த்தாங்க.”

“என்ன வேண்டியிருக்கீக பெரியம்மா?”

“உனுக்குத்தான்டா. உனுக்கு அந்த பர்மெண்டு ஆவணும்னு. காசு துட்டு போட்டு வாங்கிகினு வந்து, டெய்லி கும்புட்டுகினு கீறேன். நீங்க காலி பண்ணிகினு பூட்டா நான் யாரோட பேசறது? மீனு அலசுனா வாசன வருதுன்னு சொல்லக்கூட ஆளு இருக்காது.”

கனகலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கள் அரிசி மூட்டையைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்த கிழவி இப்படி ஒரு வேண்டுதல் வைத்திருப்பாள் என்று அவள் நினைத்ததே இல்லை.

வேல்ராஜின் கட்டை விரலும் சுட்டு விரலும் காசைப் பிடித்திருந்தன. அந்த விரல்களை அவளுக்குத் தெரியும். இட்லியைப் பிடிக்கும்போதும் அப்படித்தான், அடுத்த நொடியில் மணிக்கட்டு தானாகத் திரும்பும். மணிக்கட்டு துடித்தது. திரும்பவில்லை. அவன் காசை அப்படியே உயர்த்தி, ஒரு கண்ணில் ஒற்றி, மறு கண்ணிலும் ஒற்றி, புள்ளி மேலே பார்த்தபடி தட்டில் வைத்தான். முனியம்மாள் அவன் நெற்றியில் குங்குமம் இட்டாள்.

“வேல்ராஜ், ஓகேயா?” வெளியிலிருந்து சங்கரநாராயணன் கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் பேனாவோடு, நிலைப்படிக்கு இந்தப்பக்கம் ஒரு அங்குலம்கூட வராமல் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். “புரட்டிப் பாத்தியா?”

வேல்ராஜ் திரும்பினான். அவன் காது மடல் எந்த நிறத்தில் இருக்கிறது என்று கனகலட்சுமி எட்டிப் பார்த்தாள். குங்குமமும் ஈர முடியும் கற்பூரப் புகையுமாக ஒன்றும் தெரியவில்லை. அவன் வாயைத் திறந்தான். அதே நேரம் முனியம்மாள் மணியை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டத் தொடங்கினாள். அவள் அவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிற ஆளில்லை. வேல்ராஜின் உதடுகள் அசைந்தன. வெளியே சங்கரநாராயணன் பேனா பிடித்த கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.